உள்ளே இருக்கும் ட்யூப் எப்போது வெளியே வரும்?

வாசகர் கடிதம்: எனக்கு வயது 44. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறேன். இரண்டு மாதம் முன்னால் இடது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. இரண்டாம் நாள் குளிர்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. இடது சிறுநீரகத்தின் வாயில் 13 மி.மீ. கல் அடைத்திருக்கிறது, நீர் இறங்காமல் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்று சொல்லி அன்று ராத்திரியே டி.ஜே. ஸ்டென்ட் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஷாக் வைத்துக் கல்லை உடைத்தார்கள். மணல் மாதிரி கொஞ்சம் வந்தது. இப்போது எக்ஸ்ரேயில் இன்னும் 8 மி.மீ. துண்டு ஒன்று சிறுநீரகத்தின் அடிப்பக்கம் கிடக்கிறதாம். இன்னொரு தடவை ஷாக் வைக்கலாம் என்கிறார் எங்கள் டாக்டர், வேறொருவர் லேசர் என்கிறார். ஸ்டென்ட் போட்டதிலிருந்து அரை மணிக்கு ஒருதரம் பாத்ரூம் ஓடுகிறேன். போகும்போது இடுப்புவரை சுண்டி இழுக்கிறது. பைக் ஓட்டினால் சிவப்பாகப் போகிறது. மச்சானுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து நாலு வருஷம் ஆகிறது. "அது பாட்டுக்கு உள்ளேயே கிடக்கும், பழகிடும்" என்கிறார். இந்த ஸ்டென்ட் எதற்கு? கல்லை உடைத்த பிறகும் ஏன் இருக்கிறது? திரும்ப ஷாக் வைத்தால் சிறுநீரகம் கெட்டுப்போகாதா? தினமும் வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறேன், அது போதாதா?

பதில்:

வணக்கம். நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது உங்கள் மச்சான் சொன்ன அந்த ஒரு வரிதான், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவருக்கு வைத்தது உலோக வலை. சுருங்கிப்போன ரத்தக்குழாயை விரித்துப் பிடித்துக்கொண்டு ஆயுசுக்கும் அங்கேயே இருக்க வேண்டியது. உங்களுக்கு வைத்திருப்பது பிளாஸ்டிக் குழாய். சுமார் 26 செ.மீ. நீளம், 2 மி.மீ. சொச்சம் தடிமன், பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள், இரண்டு முனையிலும் பன்றிவால் மாதிரி ஒரு சுருள். மேல் சுருள் சிறுநீரகத்துக்குள், கீழ்ச் சுருள் சிறுநீர்ப்பைக்குள், நழுவாமல் இருக்கத்தான் அந்தச் சுருள். இரண்டு முனையும் ஆங்கில ஜே எழுத்து மாதிரி வளைந்திருப்பதால் 'டபுள் ஜே', அதைச் சுருக்கி டி.ஜே. பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இது தற்காலிகமாக வைப்பது, வெளியே எடுத்தே ஆக வேண்டும். சாதாரண ஸ்டென்டுக்கு மூன்று மாதம் கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நீண்ட நாள் தாங்கும் வகைகளும் உண்டு, உங்களுக்கு எது போட்டார்கள் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். இரண்டு மாதம் ஓடிவிட்டது என்கிறீர்கள், ஆகவே கையில் இருப்பது ஒரு மாதம்.

எடுக்காவிட்டால் என்ன ஆகும்? சிறுநீரில் கரைந்திருக்கும் உப்பெல்லாம் அதன்மேல் படியும். கொதிக்கவைக்கிற பாத்திரத்தின் அடியில் உப்புத்தண்ணீர் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்களே, அது மாதிரி. கல் உண்டாகிற உடம்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம் படியும். என்னிடம் ஒருவர் வந்தார், ஸ்டென்ட் போட்ட இரண்டாவது வாரமே விசா வந்துவிட்டதென்று வளைகுடாவுக்குப் போனவர். இரண்டரை வருஷம் கழித்து லீவில் வந்தபோது எக்ஸ்ரே எடுத்தால், சிறுநீர்ப்பையில் இருந்த சுருளைச் சுற்றி எலுமிச்சம்பழம் அளவுக்குக் கல், மேலே சிறுநீரகத்திலும் ஒரு கூடு. ஐந்து நிமிஷத்தில் எடுக்க வேண்டிய ட்யூபை எடுக்க மூன்று ஆபரேஷன் ஆயிற்று. "எடுக்கணும்னு யாரும் சொல்லலையே சார்" என்றார். சொல்லியிருப்பார்கள், ராத்திரி வலி ஊசியின் மயக்கத்தில் சொன்னது காதில் ஏறியிருக்காது. சம்மரியில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் எழுதியும் இருந்தது. இதில் எங்கள் பக்கத்துத் தவறும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன், தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

சரி, உங்களுக்கு எதற்கு ஸ்டென்ட் போட்டார்கள்? கல்லடைப்போடு குளிர்காய்ச்சலும் வந்துவிட்டால், அடைபட்ட சிறுநீரகத்துக்குள் சீழ் கட்டத் தொடங்கிவிட்டது என்றுதான் நாங்கள் நினைப்போம். அந்த நேரத்தில் கல்லைத் தொடவே கூடாது, உடைக்கப் போனால் கிருமி மொத்தமும் ரத்தத்தில் கலந்து ஆளையே சாய்த்துவிடும். முதலில் தேங்கிய நீரை வடிய விட வேண்டும். ஒன்று, கீழிருந்து ஸ்டென்ட் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் முதுகுப்பக்கம் சின்னதாகத் துளையிட்டு வெளியே ஒரு குழாய் விட வேண்டும். அன்று ராத்திரியே செய்தார்கள் பாருங்கள், அது சரியான முடிவு. அந்த டாக்டருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும். ஷாக் வைக்கிற எல்லோருக்கும் ஸ்டென்ட் வேண்டியதில்லை. காய்ச்சல் இல்லை, வலி மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது, இன்னொரு சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது, கல்லும் ஒரு செ.மீ. சுமாருக்குத்தான் என்றால் ஸ்டென்ட் இல்லாமலே உடைக்கலாம். ஸ்டென்ட் இருந்தால் கல் நன்றாக இறங்கும் என்று பலர் நம்புகிறார்கள், நோயாளிகள் மட்டுமல்ல. உண்மையில் அது கல் இறங்குவதைக் கூட்டுவதில்லை. துண்டுகள் குழாய்க்கு உள்ளே புகுந்து வருவதில்லை, அந்தத் துளைக்குள் எது நுழையும்? குழாய்க்கும் யூரெட்டர் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு நீர் இறங்கும் குழாய்) சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாக வர வேண்டும். யூரெட்டர் சும்மா கிடக்கும் பைப் அல்ல, மண்புழு மாதிரி நெளிந்து நெளிந்து நீரைக் கீழே தள்ளும் தசைக்குழாய். உள்ளே ட்யூப் இருந்தால் அந்த நெளிவும் மந்தப்படும். பிறகு ஏன் வைக்கிறோம்? கல் வழியை அடைத்துக்கொண்டாலும் நீர் தேங்கக் கூடாது என்பதற்காக. பெரிய கல்லை உடைத்தால் துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாக யூரெட்டரில் வரிசைகட்டி நின்றுவிடும், டோல்கேட்டில் லாரி நிற்கிற மாதிரி. ஜெர்மன்காரர்கள் இதற்குக் 'கல் தெரு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள், உலகம் முழுக்க டாக்டர்கள் அந்த ஜெர்மன் சொல்லைத்தான் இன்னும் சொல்கிறோம். 2 செ.மீ.யைத் தாண்டிய கல்லுக்கும், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கும் ஷாக்குக்கு முன்னால் ஸ்டென்ட் போடுவது இந்தப் பயத்தில்தான்.

நீங்கள் படுகிற அவஸ்தை கற்பனை இல்லை, ஸ்டென்ட் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் இதைப் படுகிறார்கள். கீழ்ச் சுருள் சிறுநீர்ப்பையின் சுவரில் உரசுகிறது, பை அதைச் சிறுநீர் நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அவசரப்படுத்துகிறது, அதனால்தான் அரை மணிக்கு ஒருதரம் ஓட்டம். முக்கும்போது இடுப்பில் சுண்டுவது எப்படி என்றால், வழக்கமாக யூரெட்டர் முனையில் ஒரு வால்வு மாதிரி அமைப்பு இருக்கும், பையிலிருந்து நீர் திரும்ப மேலே ஏறாமல் அது பார்த்துக்கொள்ளும். ஸ்டென்ட் நடுவே நிற்பதால் அது மூடாது, நீங்கள் முக்கினால் நீர் எதிர்த்திசையில் சிறுநீரகத்துக்கே ஏறி அடிக்கிறது. ஆகவே முக்காதீர்கள், நிதானமாகத் தானாக வரட்டும். டாம்சுலோசின் மாத்திரை பலருக்கு இதைக் குறைக்கும், சிலருக்கு அதோடு பையைச் சாந்தப்படுத்தும் மாத்திரை ஒன்றும் சேர்ப்போம். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், கேட்காமலே எழுதித் தந்திருக்க வேண்டியது. பைக் ஓட்டினால், பேப்பர் ரீம் தூக்கினால் சிவப்பாகப் போவதும் உரசலால்தான். தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் வெளுக்கும் என்றால் கவலை வேண்டாம். கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு அடித்திருந்த கேள்விக்கும் பதில்: தாம்பத்தியம் கூடாது என்று இல்லை, வலித்தால் தள்ளிப்போடுங்கள், அவ்வளவுதான்.

கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, சிறுநீரே வராமல் நின்றுவிட்டாலோ, குளிர் எடுத்துக் காய்ச்சல் வந்தாலோ அது வேறு கதை. விடியட்டும் என்று பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு படுக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அடுத்து ஷாக். பெயரைக் கேட்டதும் நிறையப் பேர் கரண்ட் வைப்பதாக நினைக்கிறார்கள். உடம்புக்குள் கரண்ட் போவதே இல்லை, போவது அதிர்வலை, அதாவது ஒலி மாதிரி ஓர் அழுத்த அலை. இதன் பிறப்புக் கதை எனக்குப் பிடிக்கும். டோர்னியர் என்ற ஜெர்மன் விமானக் கம்பெனி, ஒலியைவிட வேகமாகப் பறக்கிற விமானத்தின்மேல் மழைத்துளி மோதினால் உலோகம் ஏன் சேதப்படுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. துளி மோதும் இடத்தில் கிளம்புகிற அதிர்வலை உள்ளே ஓடி வேறோர் இடத்தில் போய் உடைக்கிறது என்ற புரிதலைக் கல்லின்மேல் திருப்பிவிட்டார்கள். 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌசி குழுவினர் முதல் நோயாளிக்குச் செய்தார்கள். அந்தக் காலத்தில் ஆளையே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். இப்போது தொட்டி போய்ச் சின்னத் தண்ணீர் மெத்தை வந்துவிட்டது, நடுவில் ஜெல் தடவுகிறோம். உங்கள் முதுகில் சில்லென்று தடவியிருப்பார்களே, அதுதான். அந்த ஜெல்லில் காற்றுக்குமிழி இருந்தால் அலை அங்கேயே சிதறிவிடும், பாதி பலம் போய்விடும். ஜெல் தடவுவதில் இவ்வளவு இருக்கிறதா என்று டெக்னீஷியன்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள், ஆனால் நான் விடுவதில்லை.

உங்கள் உடம்பின் சதையில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் அலை பெரிய தடையில்லாமல் அதைக் கடந்துபோய்க் கல்லில் குவிகிறது. கல் கெட்டி, அங்கே அலை நசுக்குகிறது, பின்பக்கம் எதிரொலித்து இழுக்கிறது, சுற்றிலும் நுண்குமிழிகள் வெடித்து மேல்பரப்பை அரிக்கின்றன. இப்படி இரண்டாயிரம், மூவாயிரம் அடி. நிமிஷத்துக்கு 60 அடி என்றால் 2500 அடிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். வேகமாக அடித்துச் சீக்கிரம் முடிக்கிற இடங்களும் உண்டு, ஆனால் மெதுவாக அடித்தால்தான் கல் நன்றாகப் பொடியாகிறது, சிறுநீரகத்துக்கும் நல்லது. அதேபோல் எடுத்த எடுப்பில் முழுப் பலத்தில் அடிக்காமல் குறைவாக ஆரம்பித்து ஏற்ற வேண்டும். இரண்டாம் தடவை வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்த இரண்டையும் தைரியமாகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டர் என்றால், அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தானே.

சிறுநீரகம் கெட்டுப்போகாதா என்றால், ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் கன்றிப்பு உள்ளே உண்டாகத்தான் செய்யும், ஓரிரு நாள் ரத்தம் கலந்து வருவது அதனால்தான். சில வாரங்களில் ஆறிவிடும். சிறுநீரகத்தைச் சுற்றிப் பெரிதாக ரத்தம் கட்டுவது அபூர்வம், அதுவும் பெரும்பாலும் பிரஷர் கட்டுப்படாமல் இருக்கிறவர்களுக்கும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும்தான். இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிற உங்கள் மச்சானுக்கு நாளைக்கே கல் வந்தால், அந்த மாத்திரைகளுக்காக இதய டாக்டரைக் கேட்காமல் யாரும் ஷாக் வைக்க மாட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது. சிறுநீரில் கிருமி இருக்கும்போதும் கூடாது. உங்களுக்கு ஒருமுறை கிருமி வந்து போயிருக்கிறது, உள்ளே ஸ்டென்டும் இருக்கிறது, ஆகவே அடுத்து எது செய்தாலும் அதற்கு முன் சிறுநீர் கல்ச்சர், அதாவது கிருமி இருக்கிறதா என்கிற பரிசோதனை, பார்த்துத்தான் செய்ய வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொரு ஷாக்கா, லேசரா? நீங்கள் அனுப்பியிருந்த சி.டி. ஸ்கேன் நகலில் கல்லின் அடர்த்தி 1150 ஹவுன்ஸ்ஃபீல்டு (ஸ்கேனில் அடர்த்தியை அளக்கிற அலகு) என்று போட்டிருக்கிறது. ஆயிரத்துக்கு மேலே போனால் கல் கெட்டி, ஷாக்குக்கு லேசில் மசியாது. முதல் தடவையில் 13 போய் 8 ஆனது ஒன்றும் மோசமில்லை, ஆனால் மிச்சத் துண்டு விழுந்து கிடக்கிற இடம் சரியில்லை. சிறுநீரகத்தின் அடிப்பக்கம் இருக்கும் கிண்ணம், அடிக்கிண்ணம் என்போம், அது கிணற்றின் அடிப்பகுதி மாதிரி. உடைத்துப் பொடியாக்கினாலும் பொடி மேலே ஏறி வந்துதான் யூரெட்டருக்குள் இறங்க வேண்டும், பாதி அங்கேயே தங்கிவிடும். கல் மேலேயோ நடுவிலேயோ இருந்திருந்தால், அடர்த்தியும் எழுநூறு எண்ணூறு என்று இருந்திருந்தால், யோசிக்காமல் இன்னொரு ஷாக் வையுங்கள் என்றிருப்பேன். உங்கள் விஷயத்தில் நான் லேசர் பக்கம்தான். ஆர்.ஐ.ஆர்.எஸ். என்பார்கள், வெட்டு எதுவும் கிடையாது. மயக்கம் கொடுத்து, சிறுநீர் வரும் வழியாகவே வளையக்கூடிய மெல்லிய கேமராக் குழாயை மேலே ஏற்றி, கல்லை நேரில் பார்த்து லேசரால் பொடியாக்குவது. இதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு: இத்தனை நாள் ஸ்டென்ட் கிடந்ததில் யூரெட்டர் தளர்ந்து விரிந்திருக்கும், கேமரா சுலபமாக ஏறும். இவ்வளவு நாள் பட்ட பாட்டுக்கு ஒரு பலன். அதே மேஜையில் பழைய ஸ்டென்டையும் எடுத்துவிடுவார்கள். புதிதாக ஒன்று போட்டாலும் போடலாம், அது ஒன்றிரண்டு வாரத்துக்குத்தான், மனசைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

செலவு ஷாக்கைவிட அதிகம், மறைக்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று சேர்வதற்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிடுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் சிறுநீரியல் (யூராலஜி) துறை இருக்கிறது, அங்கேயும் காட்டலாம். பணம் சேரவில்லை, உங்கள் டாக்டரும் இன்னொரு ஷாக் வைத்துப் பார்க்கலாம் என்கிறார் என்றால், அது ஒன்றும் தப்பான வைத்தியம் அல்ல, வைத்துப் பாருங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மூன்றாவது வேண்டாம். எது செய்தாலும் ஸ்டென்டுக்கான கெடு மட்டும் தள்ளிப்போகக் கூடாது. கல்லுக்கு இன்னும் முடிவாகவில்லை என்பதற்காக ட்யூபை உள்ளேயே விட்டுவைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. முடிவாகவில்லை என்றால் இதை எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் புதிதாக வேறு வைக்கட்டும். ஸ்டென்ட் எடுப்பதற்குப் பயப்படாதீர்கள், மரத்துப்போகிற ஜெல் வைத்துச் சின்னக் கேமராவால் பிடித்து இழுப்பதுதான், எரிச்சல் ஒரு நாள் இருக்கும்.

வாழைத்தண்டு. குடியுங்கள், தண்ணீர் உள்ளே போகிறது, நல்லதுதான். ஆனால் கால்சியம் கல்லை அது கரைக்காது, இந்த அடர்த்திக்கு உங்களுடையது அநேகமாகக் கால்சியம் கல். மருந்தில் கரைகிற கல் ஒன்று உண்டு, யூரிக் அமிலக் கல், அதற்குப் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் புளிப்பைக் குறைத்தாலே கரைந்துவிடும். அடர்த்தி குறைவாக இருக்கும், சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. உங்களுடையது எக்ஸ்ரேயிலேயே தெரிகிறதே. பீர் குடித்தால் கல் அடித்துக்கொண்டு வந்துவிடும் என்று அச்சகத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள், அதற்கும் சேர்த்து இப்போதே இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு நிஜமாகவே வேண்டியது தண்ணீர். வெயில் ஊர், மெஷின் சூடு, நடுவில் நிறுத்தினால் கலர் மாறிவிடும் என்று பாத்ரூம்கூடப் போகாமல் நிற்கிற வேலை. எத்தனை லிட்டர் குடிக்கிறீர்கள் என்பது கணக்கே இல்லை, வியர்வையில் எவ்வளவு போகிறது என்று யாருக்குத் தெரியும்? எத்தனை லிட்டர் வெளியே வருகிறது என்று பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் முடிந்தால் ஒரு வேலை நாள், ஒரு லிட்டர் பிளாஸ்டிக் மக்கு ஒன்றைப் பாத்ரூமில் வைத்து அளந்து சுவரில் கோடு போட்டு வாருங்கள். 24 மணி நேரத்தில் இரண்டரை லிட்டர் வர வேண்டும். உங்களைப் போல் வேலை பார்க்கிறவர்கள் அளந்தால் பெரும்பாலும் ஒரு லிட்டரைத் தாண்டுவதில்லை. உப்பைக் குறையுங்கள், ஊறுகாய், கருவாடு, அப்பளம், பரோட்டாக் கடைச் சால்னா இதிலெல்லாம் உப்பு எக்கச்சக்கம். பரோட்டாவை நான் குறை சொல்லவில்லை, விருதுநகர்ப் பக்கம் இருந்துகொண்டு அதைச் சொன்னால் யார் கேட்பார்கள். பாலை நிறுத்தியிருந்தால் மறுபடி குடியுங்கள். சாப்பாட்டோடு வருகிற கால்சியம், கல்லாகச் சேர்கிற ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும், நிறுத்தினால்தான் கல் கூடும். தக்காளி பாவம், அதை ஒதுக்க வேண்டியதில்லை. பாலக்கீரைதான் அடிக்கடி வேண்டாம். எலுமிச்சைச் சாறு நல்லது, உப்புப் போடாமல்.

இன்னும் ஒன்று. மணல் மாதிரி வந்தது என்றீர்களே, அதைப் பிடித்து வைத்தீர்களா? டீ வடிகட்டி ஒன்று வாங்கி, அதற்கென்றே தனியாக வைத்து, சிறுநீரை அதில் வடித்து, மிஞ்சுகிற துகளைக் காயவைத்து ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொடுங்கள். லேசரில் எடுத்தாலும் துண்டைக் கேட்டு வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். என்ன வகைக் கல் என்று தெரிந்தால்தான் அடுத்த கல்லைத் தடுக்க வழி தெரியும். ஒருமுறை கல் வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்குப் பத்து வருஷத்துக்குள் திரும்ப வருகிறது.

நாடு முழுக்கத் தினசரிக் காலண்டர் அடித்து அனுப்புகிற ஊரில் இருக்கிறீர்கள். இன்றைக்கே டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து ஸ்டென்ட் போட்ட தேதியைப் பார்த்து, அதிலிருந்து மூன்று மாதம் எண்ணி, அந்தத் தாளில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள், வீட்டிலும் மனைவியின் போனிலும் குறித்து வையுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் நாள் வாங்கிவிடுங்கள். துண்டுக்கல் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் அதை எனக்கு அனுப்புங்கள், சாப்பாட்டைப் பற்றி அப்போது விவரமாக எழுதுகிறேன்.